எந்த வீட்டுக்கு வந்தவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

தோசை மாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வரை இறங்கியிருந்தது. அம்மா பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூருக்குப் போனதிலிருந்து உளுந்தின் அளவு எனக்குப் பிடிபடுவதே இல்லை. துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொட்டிய மட்டும் நல்லா பாத்துக்கற. இதப் பாக்க மாட்டேங்கற."

அந்தப் பெட்டி என் புத்தக அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவு கணினி. எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு யார் வந்தாலும் காவலர் பிஜய் ஒரு டேப்லெட்டில் பெயரையும் எண்ணையும் எந்த வீட்டுக்கு என்பதையும் பதிந்து, ஒரு படம் எடுப்பார். அது அப்படியே இந்தப் பெட்டிக்கு வந்துவிடும். தையில் தொடங்கியது.

மற்றவர்கள் விரும்பியது வேறு. ஒரு நிறுவனத்தின் செயலி, இலவசம், நாளைக்கே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத நான் அன்று எழுந்து நின்று பேசினேன். நம் வீட்டுக்கு யார் எப்போது வருகிறார்கள் என்பதை முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மூலநிரலோடு திறந்துவைத்த மென்பொருள் இருக்கிறது, நானே நிறுவி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்காக முதலில் கை தூக்கியவர் எங்களுக்கு நேர் மேலே, 3-பியில் இருக்கும் கோகுல்நாத். "கரெக்ட். நம்ம டேட்டா நம்மகிட்டயே இருக்கணும்" என்றார். அதன் பிறகுதான் மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"நம்ம" என்ற சொல்லை அன்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

அலுவலகத்தில் நேற்றுச் செய்த மாற்றம் பலருடைய கணக்குகளைப் பூட்டிவிட்டது. மாற்றியது எங்கள் குழு. சோதித்துச் சரி என்றது நான். வாடிக்கையாளர்களுக்கு எழுதும் மடல், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என்னிடம் வந்தது. டீம் லீட் ஏற்கெனவே ஒரு வரி போட்டிருந்தார்: "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக." நான் "எங்கள் தவறால்" என்று மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

"சுகிர்தா, உணர்ச்சிவசப்படாதீங்க. சிஸ்டம் இஷ்யூன்னு போட்டா யாருக்கும் பிரச்சினை இல்ல."

திருப்பி மாற்றினேன். எங்கள் தொழிலில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நேர்ந்துவிடுகிறது, மழை மாதிரி.

மாலையில் எதைப் படித்தாலும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. தண்ணீர் சுத்திகரிப்புக்கு ஆள் வரவில்லை. நாளை மறுபடி கூப்பிட வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

தேன்மொழி அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். கேட்பது கறிவேப்பிலை, போகும்போது கையில் ஒரு புத்தகமும் இருக்கும். கோகுல்நாத்தின் மனைவி. இந்தக் குடியிருப்பில் நான் படித்ததைப் படித்துவிட்டுத் திட்டுகிற ஒரே ஆள்.

"இந்தக் கதையில வர்றவளுக்கு ஒரு வேலையும் கிடையாதா? நூத்தம்பது பக்கம் ஜன்னலயே பாத்துட்டு நிக்கறா. ஒரு குக்கர் வைக்கச் சொல்லு அவள."

சிரித்தோம். புத்தகத்தை இடது கையால் வாங்கினார். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம்.

"டாக்டர்கிட்ட போனீங்களாக்கா?"

"அவரே க்ரீப் பேண்டேஜ் வாங்கிட்டு வந்து கட்டிவிட்டாரு. யூட்யூப் பாத்து." புத்தகத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, "நான் போறேன். ஹால்ல கேமரா இருக்குல்ல. ரொம்ப நேரம் ஆளக் காணலன்னா ஃபோன் அடிப்பாரு. ஆபீஸ்ல இருந்தே பால் பொங்கறதப் பாக்கற ஆளு" என்றார்.

அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பதிவுகளைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. 3-பிக்கு ஒருவர் வந்திருக்கிறார். பெண். விமலா.

ஜூன் 12, வியாழன்

காப்புப் பிரதி எடுத்தால் போதாது, திறந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் அதை நம்பி இருப்பவர்கள்தான் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். அதனால்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் ஒருமுறை பதிவுகளைப் பார்க்கிறேன். இது என் பொறுப்பு. வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

பிஜய் சில நேரம் எண்களைத் தவறாக அடித்துவிடுவார். அந்த விமலாவின் எண் சரிதானா என்று பார்க்க இணையத்தில் தேடினேன். சரிதான். குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்.

கீரை ஆய்ந்தேன். அப்பாவுக்கு மாத்திரை வாங்கினேன். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அதே பெண், அதே நேரம். மாலையில் மாடிப்படியில் தேன்மொழி அக்காவைப் பார்த்தபோது, "இன்னிக்கு காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தி வந்திருந்தா. ஒரே அரட்டை" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

"அப்படியாக்கா" என்றேன்.

படம் தெளிவாக விழுந்திருந்தது. நரை கலந்த தலை. கல்லூரித் தோழி என்றால் நம்ப முடியாத வயது.

ஜூன் 19, வியாழன்

கோகுல்நாத் வந்தார். பெங்களூர் போய் வந்தாராம், அப்பாவுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு. அப்பாவோடு கிரிக்கெட் பேசினார். நான் காபி கொண்டுவந்து வைத்ததும் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"இதுதானா நம்ம சர்வர்? க்யூட். எந்த டிஸ்ட்ரோ போட்டிருக்க?"

எந்த இயங்குதளம் என்று சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் எந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் என்று கேட்டார். அந்த மாதிரிக் கேள்வியை என்னிடம் கேட்க இங்கே வேறு ஆள் கிடையாது. ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, பதில் சொல்லும்போது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

"சுகிர்தா, ஒரு சின்ன ஹெல்ப். எங்க ஃப்ளாட்டுக்கு வந்த விசிட்டர்ஸ் லிஸ்ட் வேணும். தையில இருந்து. ஒரு எக்ஸ்போர்ட்தானே?"

"எதுக்கு சார்?"

சிரித்தார். "என் வீடும்மா. யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"தேன்மொழி அக்காவக் கேட்டா..."

"அவளுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி." காபி டம்ளரை ஓசையில்லாமல் மேசையில் வைத்தார். "அவசரமில்ல. நாளைக்கு அனுப்பு."

"சங்கத்துல கேட்டுட்டுத் தரேன் சார்."

"கேளு, கேளு. ப்ரோசீஜர் முக்கியம்."

அவர் போனதும் அப்பா, "நல்ல மனுஷன். கொடுத்துட வேண்டியதுதானே?" என்றார். மைசூர்பாகு நன்றாக இருந்ததாம். நான் தொடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

செயலாளர் ஜெயவேலு சார் அழைத்தார். கோகுல்நாத் அவரிடம் பேசிவிட்டார்.

"என்னம்மா, ஓனர் கேக்கறாரு. அவர் வீட்டு விவரம்தானே. ஞாயித்துக்கிழமை கமிட்டி மீட்டிங்ல பிரிண்ட் எடுத்துக் கொடுத்துடு. நாமளே வச்சுக்கறோம்னு சொன்னதே இதுக்குத்தானே?"

இதற்கா?

ஒரு கம்பெனி இதைத் திருடினால் ஏதாவது விளம்பரம் அனுப்பும். தேன்மொழி அக்கா தப்பித்துப் போக ஒரு வழி தேடுகிறார் என்று அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரைப் பார்த்தால் போதும், கோகுல்நாத்துக்கு எல்லாம் புரிந்துவிடும். மணிக்கட்டோடு நிற்காது. அந்நியர்களுக்குப் பயந்து நான் கதவைச் சாத்தினேன். பயப்பட வேண்டிய ஆள் என்னோடு சேர்ந்துதான் அதைச் சாத்தினார்.

எச்சரிக்க மொட்டைமாடிக்குப் போனேன். அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே கேமரா கிடையாது.

"அக்கா, அவர் விசிட்டர் லிஸ்ட் கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை கொடுக்கச் சொல்றாங்க. அந்த வக்கீலம்மாவ இனிமே இங்க வரச் சொல்லாதீங்க."

அக்காவின் கை கொடியிலேயே நின்றது.

"வக்கீல்னு நான் சொன்னேனா?"

கொடியில் கிடந்த துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன்.

"ஃப்ரெண்டுன்னுதானே சொன்னேன் சுகி."

"நம்பர் சரியா பதிஞ்சிருக்கான்னு... செக் பண்ணும்போது..."

"செக் பண்ணியா?" குரலை உயர்த்தவே இல்லை. க்ளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டார். "அவரும் இதேதான் சொல்வாரு. கதவு பூட்டியிருக்கான்னு செக் பண்ணேன், கேஸ் ஆஃப் பண்ணியான்னு செக் பண்ணேன். ஹால்ல அவரு பாக்கறாரு. கேட்ல நீ பாக்கற. குளிக்கற ரூம் மட்டும் பாக்கி."

"நான் உங்களுக்கு நல்லது..."

"தெரியும். எல்லாரும் நல்லதுக்குத்தான்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். கொடியில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை.

ஜூன் 21, சனி

வேலை ஓடவில்லை. மூன்று முறை தரை துடைத்தேன்.

வழிகள் இல்லாமல் இல்லை. பெட்டியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வருத்தப்பட்டு ஒரு டீ கூட வாங்கிக் கொடுப்பார்கள். அல்லது அந்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். கோகுல்நாத் கெட்டிக்காரர், வரிசை எண் எங்கே தாவுகிறது என்று பார்ப்பார். தாவிய இடமே அவருக்கு விடை சொல்லிவிடும்.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. தையில் அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். வெறுமை என்றால் என்றென்றும் என்று பொருள். யாரும் என்னை அப்படி விடச் சொல்லவில்லை. இடம் நிறைய இருந்தது, இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். பிறகு அது இருந்ததால் பார்த்தேன். தினமும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

3-பியை மட்டுமல்ல. 1-ஏக்கு எந்த நாள் பிசியோதெரபி, 4-சி பையன் வாரத்தில் எத்தனை தடவை வெளிச் சாப்பாடு வாங்குகிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதற்கு மேல் இன்று எழுத விருப்பமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு நாள் என்று போட்டேன். எல்லா வீட்டுப் பதிவுகளும் போயின. காப்புப் பிரதிகளையும் அழித்தேன். கிளப் ஹவுஸுக்கு வெறுங்கையோடு போனேன்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கோகுல்நாத் முன் வரிசையில். ஜெயவேலு சார் கை நீட்டினார். "எங்கம்மா பிரிண்ட்?"

"இல்ல சார். பழைய பதிவு எதுவும் இல்ல."

"என்ன, சிஸ்டம் பிராப்ளமா?"

சாக்கை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆம் என்று தலையசைத்தால் முடிந்துபோகும். பின்னால் யாரோ, "நாந்தான் அப்பவே சொன்னேன், ஓசி சாஃப்ட்வேர்னு" என்றார்.

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சேன். எல்லா வீட்டோடதும். இன்னிக்குக் காலையில."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார். வச்சிருக்கவும் யாரையும் கேக்கல, இவ்வளவு நாள் அதத் திறந்து திறந்து பாத்ததுக்கும் யாரையும் கேக்கல. அது தப்பு. ஒரு வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு நாம ஒருத்தருக்கொருத்தர் எடுத்துக் கொடுக்கறது நல்லதில்ல."

"பாத்தியா? எங்க வீட்டோடதையுமா?" 4-சி அம்மா எழுந்துவிட்டார்.

"ஆமா ஆன்ட்டி."

அதன் பிறகு சத்தம். என் குரல் யாருக்கும் கேட்டிருக்காது. கோகுல்நாத் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு நிரலில் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று தேடுகிற மாதிரி.

அப்பா வீட்டில், "ஊர்ல இருக்கற தப்பையெல்லாம் நீயே கைய தூக்கி ஒத்துக்கணுமா? லிஃப்ட்ல எப்படிடீ நான் போறது?" என்றார். சாம்பாரில் உப்பில்லை என்பதைச் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் கோபத்தின் அளவு.

ஜூன் 24, செவ்வாய்

அறிவிப்பு வந்துவிட்டது. ஜூலை முதல் அந்த நிறுவனத்தின் செயலி. என் பெட்டிக்கு ஓய்வு. முன்மொழிந்தவர் கோகுல்நாத்.

அது எப்படி இயங்கும் என்று முழுக்கப் படித்தேன். விருந்தினர் கேட்டுக்கு வந்ததும் வீட்டு உரிமையாளரின் கைபேசியில் மணி அடிக்கும். பெயர், படம். அனுமதி அல்லது மறுப்பு. அவர் அலுவலகத்தில் இருந்தாலும் சரி.

இனி அவர் யாரிடமும் பட்டியல் கேட்க வேண்டியதில்லை. நான் நேர்மையாக நடந்துகொண்டேன். அதன் பலனாக அக்காவின் கடைசிச் சந்தும் அடைபட்டது. நேர்மையாக நடந்துகொண்ட திருப்தி ஒரு நாள் கூட நிற்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

லிஃப்டில் கோகுல்நாத். தப்பிக்க வழியில்லை.

"ஓபன் சோர்ஸ், பிரைவசி, எல்லாம் நல்ல ஐடியாதான் சுகிர்தா. ஆனா அடுத்தவங்க குடும்பம் உன் ப்ராஜெக்ட் இல்ல." இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. "இறங்கு. உன் ஃப்ளோர்."

ஜூலை 2, புதன்

அப்பாவின் கைபேசியில் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். வீடு அவர் பெயரில் இருப்பதால் மணி அவருக்குத்தான் அடிக்கும். கூரியர், பால், கேஸ் சிலிண்டர் என்று காலையிலிருந்து அனுமதி கொடுத்துக்கொண்டே இருக்கிறார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக அவரைப் பார்த்ததில்லை.

மேலே நடமாட்டம் கேட்கிறது. அக்கா கீழே வரவில்லை. கறிவேப்பிலைக் கொத்து ஃப்ரிட்ஜில் கறுத்துவிட்டது.

ஜூலை 5, சனி

மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார். துணிக்கட்டு இல்லை, வீக்கம் இருந்தது. வணக்கம் நலமெல்லாம் இல்லை.

"செவ்வாய்க்கிழமை கரண்ட் ஷட்டவுன். காலையில இருந்து மத்தியானம் வரைக்கும்."

"ஆமாக்கா. மாசாந்திர மெயின்டெனன்ஸ்."

"வைஃபை இருக்காது. கேமரா இருக்காது." என் பக்கெட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டார், யாராவது பார்த்தால் பேச்சு சாதாரணமாகத் தெரிய வேண்டும் என்பது போல. "பையோட வெளிய போனா ஃபோன் பண்ணச் சொல்லி பிஜய்கிட்ட சொல்லி வச்சிருக்காரு. அதனால நடந்து போக முடியாது. விமலா மேடமும் இன்னொருத்தரும் கார்ல பேஸ்மென்ட் வரைக்கும் வரணும். எங்க நம்பர் சொன்னா அவருக்கு அடிக்கும்."

"அப்ப எங்க வீட்டு நம்பரச் சொல்லச் சொல்லுங்க."

"கேக்கறதுக்குத்தான் வந்தேன். நீயா சொல்றதுக்கு முன்னாடி நான் கேக்கணும்னு நெனச்சேன்." முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது. "மீட்டிங்ல நீ சொன்னத 1-ஏ மாமி வந்து சொன்னாங்க. நீ திறந்து பாத்ததையும் சேத்து."

"அக்கா, நான்..."

"அத இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்ப எனக்குத் தேவை உன் வீட்டு நம்பர்தான். எங்க போறேன்னு கேக்காத."

"கேக்கல."

"அப்பா ஃபோனுக்குத்தானே வரும்?"

"ஆமா."

"சொல்லுவியா அவர்கிட்ட?"

தெரியாது என்றேன். அது உண்மை.

ஜூலை 7, திங்கள்

அப்பாவிடம் சொல்ல மூன்று தடவை தொடங்கினேன். முதல் தடவை செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அம்மா அழைத்துவிட்டாள். மூன்றாம் தடவை நானே நிறுத்திக்கொண்டேன். அவருக்கு கோகுல்நாத்தைப் பிடிக்கும். சொன்னால், கேட்டுவிட்டுச் சமாதானம் பேச மேலே போய்விடுவார். நல்ல எண்ணத்தோடுதான் போவார்.

பதிவில் பொய் எழுதுவது எனக்கு எப்போதும் ஆகாது. தவறான தரவை விடத் தரவே இல்லாமலிருப்பது மேல் என்று எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன். நாளை ஒரு பொய் பதியப்படும், எங்கள் வீட்டு எண்ணோடு. எழுதிப் பார்க்கிறேன், உறுத்துகிறதா என்று. உறுத்தவில்லை. அப்பாவிடம் சொல்லாததுதான் உறுத்துகிறது.

ஜூலை 8, செவ்வாய்

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் மின்சாரம் போனது. விசிறி நின்று வீடு அமைதியானது. அப்பா பால்கனி வெளிச்சத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கினேன், சமைக்க அல்ல, கைக்கு வேலை வேண்டியிருந்தது.

அவர் கைபேசி மணி அடித்தது.

"சுகி, நம்ம வீட்டுக்கு யாரோ கார்ல வந்திருக்காங்களாம். ரெண்டு பேர். விமலான்னு போட்டிருக்கு. யாரும்மா இது?"

"என்னோட ஆளுங்கப்பா."

"உனக்கு ஏது ஆளுங்க?" அவர் கிண்டலாகத்தான் தொடங்கினார்.

அப்போது மேலே பெட்டியின் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஹாலின் ஒரு மூலையிலிருந்து வாசல் பக்கமாக, எங்கள் தலைக்கு மேலே, மெதுவாக. விசிறி ஓடியிருந்தால் கேட்டிருக்காது. நின்றது. மறுபடி உருண்டது.

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார். கையில் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்தப் பொண்ணு கையில கட்டுப் போட்டிருந்துதே" என்றார். "வழுக்கினதா புருஷன் சொன்னான்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு லிஸ்ட் கேட்டது இதுக்கா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க போய்ப் பேசுவீங்கன்னு."

யோசித்தார். மறுக்கவில்லை. விரலால் திரையில் "அனுமதி"யை அழுத்தினார். மணி நின்றது.

"அப்பா, பின்னால யாராவது கேட்டா நான்தான்னு சொல்லிடுங்க. நான் வரச் சொன்னேன்னு."

"ஃபோன் என்னுது. அமுக்கினது நான். உன்னை எதுக்குக் கேக்கறான்?" எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போய்விட்டது, அவர் கவனிக்கவில்லை. "லிஃப்ட் வேற ஓடாது. மூணு மாடி பெட்டியத் தூக்கிட்டு எப்படி இறங்கும், அந்தக் கையோட?"

கதவைத் திறந்துகொண்டு மேலே போனார். படியில் அவர் இருமுவதும், "நான் எடுக்கறேன்மா, நீ பாத்து இறங்கு" என்பதும், பெட்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு வருவதும் கேட்டன. எங்கள் வாசலைக் கடக்கும்போது காலடிகள் ஒரு கணம் நின்றன. பிறகு போயின.

சிறிது நேரத்தில் கீழே கார் கிளம்பியது. பால்கனிக்கு வந்து நின்றால் அது கேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும்.

நான் சமையலறையிலேயே இருந்து வெண்டைக்காயை நறுக்கி முடித்தேன்.